பார்ப்பவர் இல்லாத ஆடல்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது அதன் உயரம். இருநூறு அடியைத் தாண்டி நிற்கும் விமானம், கருங்கல்லே கிடைக்காத வண்டல் பூமிக்கு அத்தனை கல்லையும் கொண்டுவந்து ஏற்றிய உழைப்பு, உச்சியில் அமர்ந்திருக்கும் சிகரத்தின் எடை என்று புகழ்ச்சி நீண்டுகொண்டே போகும். எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. அதே விமானத்துக்குள், கருவறையைச் சுற்றி ஓடும் குறுகலான மேல்தள உள்சுற்றில், கரணங்கள் எனப்படும் ஆடல் நிலைகளில் சிவன் ஆடும் 81 சிற்பங்கள் இருக்கின்றன. வீதியிலிருந்து அவை தெரியாது, முற்றத்திலிருந்து தெரியாது, கருவறைக்கு எதிரே நின்று கும்பிடுகிறவருக்கும் தெரியாது. கோயில் எழுந்த காலத்திலும் அங்கே கூட்டம் போய்வர வழி இருந்திருக்க முடியாது. அவ்வளவு ஒடுக்கமான இடம் அது. யார் கண்ணிலும் படாத இடத்தில் ஏன் இத்தனை நுட்பமாகச் செதுக்கினார்கள்? கலை வரலாற்றுக் கேள்வி போலத் தோன்றினாலும் இதன் அடியில் இருப்பது சமயக் கேள்விதான். வழிபாட்டுக்குச் சாட்சி வேண்டுமா? ஒரு நற்செயலின் மதிப்பு, அதைப் பார்ப்பவர் ஒருவர் இருப்பதைச் சார்ந்ததா? இக்கேள்விக்கு இராசராசேச்சரம் என்னும் இந்தப் பெரிய கோயில் தன் அமைப்பிலேயே விடை வைத்திருக்கிறது என்பது என் கருத்து. வெளியிலிருந்து உள்ளே போகப்போக, பார்ப்பவரின் தேவை படிப்படியாகக் குறையும்படி அந்தக் கோயில் கட்டப்பட்டிருக்கிறது. கோயிலின் வரைபடத்தையும் சிற்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் இது துலங்கும்.

வாயிலிலிருந்தே தொடங்கலாம். கிழக்கிலிருந்து வருபவர் முதலில் கேரளாந்தகன் திருவாயிலைக் கடக்கிறார், அடுத்து இராசராசன் திருவாயிலை. சேர நாட்டு வெற்றியை நினைவூட்டும் முதல் வாயிலின் பெயரே, வருபவரிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது வாயிலுக்கு அப்பால் விரிவது கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர் நீளமும் அதில் பாதி அகலமும் கொண்ட முற்றம். இரண்டு சதுரங்களை அடுத்தடுத்து வைத்தாற்போன்ற அளவு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம் நிற்கிறது. முற்றத்தைச் சுற்றித் திருச்சுற்று மாளிகை ஓடுகிறது. எண்திசைக் காவலர்களுக்குரிய சிறு கோயில்கள் அதிலேயே இணைக்கப்பட்டுள்ளன. இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும், அம்மன் சந்நிதியும், நுண்வேலைப்பாடு மிக்க முருகன் கோயிலும் பிற்காலத்தவை. பாண்டியரும் நாயக்கரும் மராட்டியரும் தங்கள் பங்குக்குச் சேர்த்தவை. கோயிலைக் கட்டிய சோழ மன்னன் இராசராசன் காலத்து வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன. பெருங்கூட்டம் நிற்பதற்கும் நிமிர்ந்து பார்ப்பதற்கும் தேவையான வெளி அது. இந்த வெளிக்குப் பார்ப்பவர் கட்டாயம் தேவை. அவர் வந்து நின்றால்தான் அதன் விரிவுக்குப் பொருள் உண்டு.

வெளிச் சிற்பங்களின் இயல்பும் அதற்கேற்பவே இருக்கிறது. வாயிற்காவலர் சிற்பம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆளைவிடப் பல மடங்கு பெரிய உருவம், கோரைப்பல், பிதுங்கும் விழிகள். காலருகே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையையே விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்! அந்தப் பாம்போ காவலனின் காலடியில் சிறு புழுவைப் போலக் கிடக்கிறது. அப்படியானால் காவலன் எவ்வளவு பெரியவன்? அவனோ கையை உயர்த்தி, உள்ளே இருப்பவர் தன்னினும் பெரியவர் என்று வியக்கிறான். பார்ப்பவரின் மனத்தில் படிப்படியாக நிகழ வேண்டிய கணக்கு இது. சிற்பி பார்வையாளரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வோர் அளவாகக் கூட்டிக் காட்டுகிறான். விமானத்தின் வெளிச்சுவர்க் கோட்டங்களும் அப்படியே. கீழ்வரிசையில் பிட்சாடனர், காலாந்தகர், ஆடவல்லான், அரியரர், மாதொருபாகன் எனப் பல கோலங்கள். சுற்றி வருபவருக்கு ஒவ்வொரு கோட்டமும் ஒரு கதை சொல்கிறது. மேல்வரிசையிலோ கோட்டத்துக்குக் கோட்டம் முப்புரம் எரிக்க வில்லேந்தியவரே திரும்பத் திரும்ப வருகிறார். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நுணுக்கம் தெரியாது, ஒரே உருவம் மீண்டும் மீண்டும் வருவது தெரியும். தொலைவில் நிற்கும் கண்ணையும் கணக்கில் எடுத்துக்கொண்ட கலை இது.

சுவருக்கு உள்ளே நிலைமை மாறுகிறது. இந்த விமானத்தின் அடித்தளம் ஒற்றைச் சுவரால் ஆனதன்று. கருவறையை ஒட்டி உட்சுவர், அதைச் சுற்றி வெளிச்சுவர், இரண்டுக்கும் இடையே ஓர் உள்சுற்று. சாந்தார விமானம் என்று நூல்கள் சொல்லும் அமைப்பு இது. கீழ்த்தளத்து உள்சுற்றின் சுவர்களில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. ஆலமர்ந்த ஆசான், தில்லைக் கூத்தனை வழிபடும் அரசனும் தேவியரும், முப்புரம் எரிக்கும் பெருமான் ஆகியோரோடு, சுந்தரர் கதை விரிவாக இடம்பெறுகிறது. திருமணப் பந்தலில் முதியவர் உருவில் இறைவன் ஓலையோடு வந்து வழக்காடுகிறார். கதையின் முடிவில் சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். வெளிச்சுவரில் இறைவன் அரக்கரையும் காலனையும் எதிர்கொள்கிறான் என்றால், இங்கே ஒரு தனிமனிதனோடு வழக்காடுகிறான், தோழனாகிறான், கூட்டிப்போகிறான். இடமும் பொருளுக்கு ஏற்றபடி இருக்கிறது. இங்கே சிலர் மட்டுமே, ஒருவர் பின் ஒருவராக, மங்கிய ஒளியில் நடந்தபடி பார்க்க முடியும். பின்னால் தள்ளி நின்று ஓவியம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கிக்கொள்ள அந்த இடைவெளி இடம் தராது. பார்ப்பவர் இங்கே இன்னும் இருக்கிறார், ஆனால் கூட்டமாக இல்லை.

அதற்கு மேல்தளத்தில் இருப்பவைதான் கரணங்கள். நாட்டிய சாஸ்திரம் வகுத்த 108 கரணங்களில் 81 மட்டும், நூல் சொல்லும் வரிசைப்படியே செதுக்கப்பட்டுள்ளன. மற்ற 27-க்கு உரிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஆடுபவர் நான்கு கைகளுடைய சிவனே. பிற்காலத்தில் சிதம்பரத்துக் கோபுரங்களில் இதே கரணங்களை ஒரு பெண் ஆடிக்காட்டுவதாகச் செதுக்கினார்கள், சிலவற்றின் அருகே நூலின் விளக்க வரிகளையும் பொறித்தார்கள். கோபுர வாயிலின் இருபுறமும் போவோர் வருவோர் எல்லோரும் காணும் இடம் அது. எழுத்தும் விளக்கமும் பார்ப்பவருக்காக வந்தவை. தஞ்சையில் விளக்கம் இல்லை, விளக்கம் கேட்பாரும் இல்லை. வரிசையின் முதற்கரணமான தலபுஷ்பபுடம், இரு உள்ளங்கைகளையும் குவித்து மலர் ஏந்தும் நிலை. அரங்கில் ஆடுபவர் தெய்வத்துக்கும் அவைக்கும் மலர் தூவித் தொடங்குவது வழக்கம். இங்கே ஆடுபவரே தெய்வம், எதிரே அவை கிடையாது. குவிந்த அந்தக் கைகள் யாருக்கும் எதையும் காட்டவில்லை. இதே மட்டத்தில், வெளிச்சுவரின் மறுபுறம், வில்லேந்திய வீரராக ஊருக்கெல்லாம் காட்சி தருபவரும் இவரே. ஒரே உயரத்தில், ஒரு சுவரின் இப்பக்கமும் அப்பக்கமும், காட்டுவதற்கான உருவமும் காட்டத் தேவையில்லாத உருவமும் நிற்கின்றன.

இரண்டு தளங்களும் சுற்றி வளைத்திருப்பது கருவறையை. அங்கே கையும் காலும் முகமும் இல்லாத பெரிய இலிங்கம், இரண்டு தள உயரத்துக்கும் இடம்விட்டுக் கட்டிய அறையில் நிற்கிறது. உருவம் என்றும் அருவம் என்றும் சொல்ல முடியாத இந்த நிலையைச் சைவம் அருவுருவம் என்று அழைக்கும். இப்போது முழு வரிசையையும் சேர்த்துப் பார்க்கலாம். வெளியே ஊருக்காகப் பல உருவங்கள், கீழ் உள்சுற்றில் சிலருக்காக அடியவர் கதை, மேல் உள்சுற்றில் பார்ப்பவரே இல்லாத ஆடல், நடுவில் பார்ப்பதற்கு உருவமே இல்லாத பொருள். உள்ளே போகப்போகக் கண்ணுக்கு வேலை குறைகிறது. ஆனால் கோயில் எந்த இடத்திலும் குறைந்துவிடவில்லை, ஒவ்வோர் அடிக்கும் அதன் மையத்தை நெருங்குகிறோம். பார்க்கப்படுவதுதான் மதிப்பின் அளவுகோல் என்று கட்டியவர்கள் நினைத்திருந்தால், மிகச் சிறந்தவற்றை வெளிச்சத்திலும், குறைந்தவற்றை இருட்டிலும் வைத்திருப்பார்கள். இங்கே வரிசை அப்படி இல்லை.

இதற்கு முதல் மறுப்பு கட்டடக்கலையிலிருந்து வரும். இரட்டைச் சுவர் அவ்வளவு பெரிய விமானத்தின் பாரத்தைத் தாங்குவதற்காக வந்தது, இடைவெளி அதன் துணைவிளைவு, அதற்குள் தத்துவத்தைத் தேடுவது வீண் என்பார்கள். பாதி உண்மை. உள்சுற்று ஏன் இருக்கிறது என்பதை இந்த விளக்கம் சொல்லிவிடும். அதற்குள் கரணங்கள் ஏன் இருக்கின்றன என்பதைச் சொல்லாது. பாரம் தாங்கும் சுவருக்குச் சிற்பம் தேவையில்லை. வெற்றுக் கல்லாக விட்டிருந்தாலும் விமானம் இதே உறுதியோடு நின்றிருக்கும். மேலும், செதுக்கப்படாத 27 கற்களும் தமக்குரிய இடங்களில் இருக்கின்றன. 108-க்கும் இடம் ஒதுக்கி, கல்லை வைத்துக் கட்டியபிறகு, அந்த ஒடுக்கத்துக்குள் அமர்ந்து உளி பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு அவையே சான்று. தற்செயலாகக் கிடைத்த இடத்தை யாரோ அலங்கரித்துவிட்டுப் போன கதை இது இல்லை. திட்டமிட்டு, ஒரு நூலின் முழு வரிசையையும் அங்கே வைக்க எண்ணியிருக்கிறார்கள்.

இதே 27 கற்களை வைத்து இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றை எழுப்பலாம். யாரும் பார்க்காத இடம் என்பதால்தானே வேலையை அரைகுறையாக விட்டார்கள்? வெளிச்சுவராக இருந்தால் விட்டிருப்பார்களா? பார்வையாளர் இல்லாத இடத்தில் அக்கறையும் குறையும் என்பதைத்தானே இது காட்டுகிறது? பதிலை முடிந்த 81 கரணங்களிடம் கேட்க வேண்டும். அக்கறை குறைந்த வேலைக்கு ஓர் அடையாளம் உண்டு. அது தொடக்கத்திலேயே தளர்ந்திருக்கும், அல்லது போகப்போகத் தளரும். பத்துக் கரணங்களை ஒழுங்காகச் செய்துவிட்டு மிச்சத்தை மேலோட்டமாகக் கீறிவைத்திருக்கலாம், கடினமானவற்றைத் தாண்டிவிட்டு எளியவற்றைச் செய்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் கிடையாது. அவர்களோ வரிசையை மாற்றவில்லை, ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. காலை எங்கே ஊன்றுவது, இடுப்பை எப்படித் திருப்புவது, கை எந்த முத்திரையில் நிற்பது என்று நூல் சொல்வதைப் பின்பற்றி 81 வரை வந்து, அங்கே நின்றிருக்கிறார்கள். தளர்வதும் நிற்பதும் வேறு வேறு. வேலையை நிறுத்துவதற்குக் காலம், பணம், ஆள், அரசின் மாற்றம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். பார்ப்பவர் இல்லாததுதான் காரணம் என்றால், முதல் கரணமே நடந்திருக்காது.

மூன்றாவது மறுப்பு அரசியலைச் சார்ந்தது. இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். பெரும்படை நடத்தியவன், நிலத்தை அளந்தவன், தன் பெயரையே கோயிலுக்கு வைத்தவன். தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குப் பொன் வேய்ந்த செப்புக்குடம் கொடுத்ததைக் கல்லில் வெட்டிவைத்தவன். அப்படிப்பட்டவனின் கோயிலில் விளம்பரமில்லாத வழிபாட்டைத் தேடலாமா? வாயில் பெயரும் முப்புரமெரித்தவரின் வரிசையும் ஒரு பேரரசின் குரல் என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் இல்லை. ஆனால் இந்த மறுப்பு நம் கேள்வியை இன்னும் வலுவாக்குகிறது. எதை எங்கே வைத்தால் கண்ணைப் பறிக்கும் என்பதை இவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. அந்தத் திறமை முழுவதும் கையிலிருந்தும், ஆடல்வல்லானின் கரண வரிசையைக் காட்சிப்பொருளாக்காமல் உள்ளே வைத்தார்கள். காட்டத் தெரியாதவன் மறைவில் வைத்தால் அது இயலாமை. காட்டத் தெரிந்தவன் வைத்தால் அது ஒரு முடிவு.

கல்வெட்டுகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. கோயிலின் அதிட்டானத்திலும் சுவர்களிலும் எழுத்து மண்டிக்கிடக்கிறது. தானும் தன் அக்கை குந்தவையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததை எல்லாம் வெட்டும்படி அரசன் ஆணையிட்டான். கொடுத்த செப்புத் திருமேனிகளுக்கு இத்தனை விரல் உயரம், இத்தனை கை என்று அடையாளம் எழுதியிருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்த கணக்கு இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அவற்றைப் பெற்றவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்ற பொறுப்பு இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்த வீடு, பங்குக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் என்பதுவரை பதிவாகியிருக்கிறது. திருப்பதியம் பாட 48 பேருக்கும் உடன் கொட்டுவோர் இருவருக்கும் நிவந்தம் எழுதப்பட்டிருக்கிறது. இவை வெளியே, படிக்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன. காரணம் எளியது. மனிதருக்குச் சேர வேண்டிய நெல்லும், மனிதர் அளக்க வேண்டிய நெய்யும் பலர் அறிய இருந்தால்தான் காப்பாற்றப்படும். கடனுக்குச் சாட்சி வேண்டும். வழிபாடு கடன்பத்திரம் ஆகாது, ஆகவே அதற்குச் சாட்சி தேவைப்படவில்லை. எது ஊரறிய இருக்க வேண்டும், எது இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தக் கோயில் பிரித்து வைத்திருக்கிறது.

பக்தர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. மனிதர் பார்க்காவிட்டால் என்ன, இறைவன் பார்க்கிறான். இந்தப் பதிலின் பின்னிருக்கும் உணர்வை மதிக்கிறேன், ஆனால் பதில் போதாது. எல்லாம் அறிந்தவன் அவன் என்றால், சிற்பி உளியை எடுக்கும் முன்பே அந்தச் சிற்பம் அவனுக்குத் தெரியும். அவன் காண்பதற்காகக் கல்லைச் செதுக்க வேண்டியதில்லை. தவிர, ஊராரின் கண் இருந்த இடத்தில் இறைவனின் கண்ணை வைத்துவிட்டு, நமக்கு இன்னமும் ஒரு பார்வையாளர் வேண்டும் என்று சொல்வதாகத்தான் அது முடியும். மேல்தளத்துச் சிற்பங்கள் அதற்கு இடம் தரவில்லை. அங்கே இறைவன் ஆடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை, அவனே ஆடுகிறான். ஆடல் அவனுக்குக் காட்டப்படும் கலையாக அங்கே இல்லை, அவன் இயல்பாக இருக்கிறது. படைப்பும் காப்பும் அழிப்பும் யாரும் கைதட்டுவதற்காக நடப்பவை அல்ல என்று சைவம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த உண்மையைக் கல்லில் சொல்ல வேண்டுமானால், அவை இல்லாத இடத்தில்தான் சொல்ல வேண்டும். அதைச் செதுக்கியவனும், தான் செதுக்கும் பொருளின் இயல்பைத் தன் வேலையின் இயல்பாக ஏற்றுக்கொண்டான். அவன் யாரும் பார்க்காத ஆடலை யாரும் பார்க்காமல் வடித்தான்.

இந்தச் சிந்தனை தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதில்லை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் போற்றும் பூசலாரை நினைத்தால் போதும். திருநின்றவூரில் கோயில் கட்டப் பொருள் இல்லாமல், மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை வைத்து, நாள் குறித்து ஒரு கோயில் எழுப்பியவர் அவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளிக்குக் குடமுழுக்குக் குறித்த அதே நாளில் பூசலாரின் கோயிலில் தான் புகவிருப்பதாகவும், அரசனின் விழாவைத் தள்ளிவைக்கும்படியும் இறைவன் கனவில் சொன்னதாகச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். பார்ப்பவர் ஒருவரும் இல்லாத கோயிலுக்கு, ஊரே பார்க்கும் கோயிலைவிட முதல் நாள் கிடைத்தது. செபத்தைப் பற்றிய பழைய முறையும் இதையே சொல்கிறது. பிறர் கேட்க ஓதுவது வாசிகம், தன் காதுக்கு மட்டும் எட்டும்படி முணுமுணுப்பது உபாம்சு, உதடும் அசையாமல் உள்ளத்தில் ஓதுவது மானசம். மூன்றில் மானசமே உயர்ந்தது என்பார்கள். வெளிச்சுவர், கீழ் உள்சுற்று, மேல் உள்சுற்று என்ற மூன்றும் இந்த மூன்றுக்கும் பொருந்தி நிற்பதைக் காண முடிகிறது. கட்டியவர்கள் இதை எண்ணித்தான் கட்டினார்கள் என்று வாதிட மாட்டேன். ஒரே மரபு, சொல்லிலும் கல்லிலும் ஒரே திசையில் சிந்தித்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் கல் எதற்கு? பூசலாரைப் போல மனத்திலேயே கட்டிவிடலாமே, இத்தனை உழைப்பு ஏன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூசலாரின் கதையைக் கவனமாகப் படித்தால் பதில் அதிலேயே இருக்கிறது. அவர் கண்ணை மூடியதும் கோயில் எழுந்துவிடவில்லை. பொருள் தேடி, ஒவ்வொரு பகுதியாக, உரிய முறையில், நாள் கடந்து நாள் கட்டினார். மனத்திலும் ஒரு கல்லைக்கூட அவர் விட்டுவிடவில்லை. நம்மில் பலருக்கு அந்த வலிமை கிடையாது. மனம் தன்னைத்தானே எளிதில் ஏமாற்றிக்கொள்ளும். உள்ளத்தில் வழிபட்டேன் என்று சொல்லிக்கொள்வது மிக எளிது, சொன்னவனுக்கே அது உண்மையா என்று தெரியாது. கல் அப்படி ஏமாறாது. பாதம் தவறான கோணத்தில் இருந்தால் தவறாகவே நிற்கும். கையால் செய்யும் வேலை, மனத்தின் நேர்மையைச் சோதிக்கும் இடம். ஆகவே கல்லா மனமா என்பதில் இல்லை விஷயம். சாட்சி இல்லாத இடத்திலும் முழுமையாகச் செய்கிறோமா என்பதில் இருக்கிறது. பூசலாரும் கரணச் சிற்பியும் இந்த ஒன்றில் ஒத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. மறைவைப் புகழ்வது, மறுக்கப்பட்டவர்களுக்கு எதிராகப் போய் முடியாதா? உள்சுற்று எல்லோருக்கும் மறைவாக இருக்கவில்லை, சிலருக்குத் திறந்திருந்தது. கோயில் வாசலைத் தாண்டவே நூற்றாண்டுகளாக அனுமதிக்கப்படாத மக்கள் இருந்தார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் நுழைந்தது ஒரு போராட்டத்தின் பலன். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல்தான் வந்தது. இந்த வரலாற்றை மறந்துவிட்டுக் காணாமையின் பெருமையைப் பேசுவது அநீதி. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஓர் இடம் மறைவாக இருப்பது அந்த வேலையின் தன்மை. ஒரு மனிதனை உள்ளே விடாமல் தடுப்பது மனிதருக்கு மனிதர் தரம் பிரிப்பது. முதலாவதிலிருந்து இரண்டாவது பிறக்காது. சொல்லப்போனால், முதலாவது இரண்டாவதை மறுக்கிறது. பார்ப்பவரே தேவையில்லாத அளவுக்கு இறைமை தன்னில் நிறைந்தது என்றால், பார்ப்பவர் எந்தக் குலம் என்பது அதை எப்படித் தொடும்? யாருடைய கண்ணாலும் கூடாத ஒன்று, யாருடைய கண்ணாலும் தீட்டுப்படவும் முடியாது. கரணங்களை உள்ளே வைத்த சிந்தனையை முழுமையாக ஏற்பவர், வாசலில் நின்று ஆளைப் பிரிக்க முடியாது. அப்படிப் பிரித்த காலங்களில் மக்கள் தங்கள் கோயிலின் நடுவில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கோயிலின் ஓவியங்களுக்கு நேர்ந்ததும் நம் வாதத்துக்குத் துணைநிற்கிறது. நாயக்கர் காலத்தில் சோழர் ஓவியங்களின் மீதே சுண்ணம் பூசிப் புதிய ஓவியங்கள் தீட்டினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்து சொல்லும்வரை, உலகம் அடியில் இருந்ததை அறியவில்லை. இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் காணாத அந்தச் சுந்தரர், அத்தனை காலமும் மதிப்பற்றவராக இருந்தாரா? 1931-இல்தான் மதிப்புப் பெற்றாரா? அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கண்டுபிடித்தது என்று சொல்லும்போதே, அது முன்பே அங்கே தன் முழு அருமையோடு இருந்தது என்று ஒத்துக்கொள்கிறோம். கரணங்களும் அப்படியே. பத்மா சுப்ரமணியம் போன்றவர்கள் கரணங்களை மீட்டு ஆடிக்காட்ட இச்சிற்பங்கள் பெரிதும் உதவின. பரதக் கலைக்குக் கிடைத்த பெரும் பேறு அது. ஆனால் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர் வருவார் என்ற கணக்கோடு யாரும் செதுக்கியிருக்க முடியாது. பயன் பின்னால் வந்தது, வேலை முன்பே முழுமையாக இருந்தது.

இதிலிருந்து இன்றைய நமக்குச் சில கடமைகள் பிறக்கின்றன. உள்சுற்றுகள் இப்போது பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. மூச்சின் ஈரமும் விளக்கின் புகையும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு சரியானது. நல்ல நிழற்படங்களும் நூல்களும் அந்தக் குறையை எல்லோருக்கும் ஒருசேர நீக்க வேண்டும். படத்தில் பார்த்தாலே போதாதா, நேரில் போயே தீர வேண்டுமா என்பதில் பிடிவாதம் தேவையில்லை. அதைவிட முக்கியமானது திருப்பணி செய்யும் மனநிலை. பார்வைக்கு வரும் கோபுரத்துக்கு ஆண்டாண்டாய் வண்ணம் பூசிவிட்டு, பின்புறத்துச் சுவரின் கல்வெட்டை மணல்வீச்சால் சிதைத்த கோயில்கள் நம் மாநிலத்தில் உண்டு. சந்நிதிக்கு எதிரே பளிங்கு பதித்துவிட்டு, மடைப்பள்ளியின் ஒழுகும் கூரையைக் கவனிக்காமல் விட்டவையும் உண்டு. பக்தியை ஊரறியக் காட்டுகிறோம், வரவு செலவுக் கணக்கை ஊரறிய வைக்கத் தயங்குகிறோம். இராசராசேச்சரம் செய்தது இதற்கு நேர் எதிரானது. கணக்கைச் சுவரில் வெட்டியது, வழிபாட்டைச் சுவருக்குள் வைத்தது. அந்தக் கோயிலைப் போற்றுவதாகச் சொல்லும் நாம், இனி எந்தக் கோயிலில் திருப்பணி நடந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: யாரும் பார்க்காத மூலைகள் எப்படி இருக்கின்றன? எல்லோரும் பார்க்க வேண்டிய கணக்கு எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் நேர்மையான பதில் சொல்ல முடிந்த இடத்தில் உயரம் குறைவாக இருந்தாலும் அது பெரிய கோயில்தான்.